ஆவணியில் வந்த மருமகள், ஐப்பசியில் வந்த மருமகள்

கொழும்பில் பிறந்து வளர்ந்த பெண் மதுரைப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஆவணியில் இங்கே வந்தால் வருமான வரித் துறைக்கு அவர் ஒரு மாதிரி. ஐப்பசியில் வந்தால் இன்னொரு மாதிரி. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அக்டோபர் 1 அன்று மதுரை விமான நிலையத்தில் இறங்கி, அதன் பிறகு எங்கும் போகாமல் இருந்தால் மார்ச் 31-ஆம் தேதியோடு 182 நாள். அந்த ஆண்டுக்கு அவர் ‘ரெசிடென்ட்’. ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் 181 நாள், ‘நான்-ரெசிடென்ட்’. லீப் வருடமானால் இந்தக் கணக்கும் ஒரு நாள் நகரும். வந்து இறங்கிய நாளைச் சேர்த்து எண்ணுவதா, விட்டுவிட்டு எண்ணுவதா என்பதில் தீர்ப்பாயங்களே ஒரே குரலில் பேசியதில்லை.

இதிலும் ஒரு உள்முடிச்சு உண்டு. முந்தைய நான்கு நிதியாண்டுகளில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்தவருக்கு, நடப்பு ஆண்டில் 60 நாள் போதும், ரெசிடென்ட் ஆகிவிடுவார். மதுரையில் தங்கி ஒரு பட்டப் படிப்பு படித்துவிட்டுப் போனவர், பெற்றவருக்குக் கண் ஆபரேஷன், இதய சிகிச்சை என்று மாதக்கணக்கில் வந்து தங்கிப் போனவர் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்துவிடலாம். அவர்கள் தை மாதத்தின் முதல் பாதியில் தாலி கட்டிக்கொண்டு வந்தாலும் மார்ச் முடிவதற்குள் 60 நாள் தாண்டிவிடும்.

ஜாதகம் பார்க்கிறோம், முகூர்த்தம் பார்க்கிறோம், மண்டபம் காலியாக இருக்கிறதா என்று ஆறு மாதம் முன்பே பார்க்கிறோம். இந்த நாள் கணக்கை எந்தக் கல்யாண வீட்டிலும் பார்ப்பதாகத் தெரியவில்லை. வரிக்காகக் கல்யாணத் தேதியை மாற்றச் சொல்லவில்லை, அது அபத்தம். ஆனால் வந்த தேதி எது, முன்பு எத்தனை நாள் இருந்தார் என்பதை அந்த வீட்டில் ஒருவராவது எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் எழுதி வைப்பதில்லை. மூன்று நான்கு வருடம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது பாஸ்போர்ட்டின் மங்கிய முத்திரைகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

ஊரில் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். “கல்யாணம் ஆயிருச்சுல்ல, இனிமே நம்ம ஊரு ஆளுதானே, புருஷன் கணக்கிலேயே போயிரும்” என்பது ஒன்று. “இலங்கை பாஸ்போர்ட்தானே வச்சிருக்கு, அந்தப் புள்ளைக்கு இங்க வரியே கிடையாது” என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் வழக்கம் இந்தியச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு வருகிற குழப்பம் இது. இங்கே ஒவ்வொருவரும் தனித் தனி வரிதாரர். பாஸ்போர்ட்டின் நிறத்தையும் வரிச் சட்டம் முதலில் பார்ப்பதில்லை. கால் எங்கே ஊன்றியிருந்தது, எத்தனை நாள் என்றுதான் பார்க்கிறது. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இந்த அடிப்படை மாறவில்லை.

மதுரைக்கும் அதைச் சுற்றியுள்ள சமவெளிக்கும் இலங்கைச் சம்பந்தம் புதிய உறவல்ல. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் கண்டித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது; அப்படித் திரும்பி வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்கள் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் இருக்கிறார்கள். 2012-இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு சம்பந்தம் பேசுவது இன்னும் எளிதாயிற்று. ஒரு மணி நேரப் பயணம். கொடைக்கானல் போக அதைவிட அதிக நேரம் ஆகும்.

முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குச் சட்டம் கருணை காட்டுகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்து குடியேறுபவர் ரெசிடென்ட் ஆனாலும் உடனே முழு ரெசிடென்ட் ஆவதில்லை. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் நான்-ரெசிடென்டாக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்திருந்தாலோ, அவர் ‘நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்’. இந்த நிலையில் இருக்கும்வரை கொழும்பு வங்கி வட்டிக்கும் யாழ்ப்பாணத்து வீட்டு வாடகைக்கும் இந்தியாவில் வரி இல்லை; இங்கிருந்தபடி அங்கே வியாபாரம் நடத்தினால்தான் வரும். வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் கொடுக்கும் வேலையும் இல்லை. ஆவணியில் வந்தவரோ ஐப்பசியில் வந்தவரோ, இங்கேயே தங்கிவிட்டால், பெரும்பாலும் நான்காவது நிதியாண்டில் இருவருமே முழு ரெசிடென்ட் ஆகிவிடுகிறார்கள். ஏற்கெனவே இங்கே படித்தோ வேலை பார்த்தோ இருந்தவருக்குச் சலுகைக் காலம் இன்னும் சுருங்கும்.

அந்த நான்காவது வருடத்தில்தான் வினை. வெள்ளவத்தையில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்த்த பெண் என்று வைத்துக்கொள்வோம். திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரை மணந்து வந்தார். வரும்போது அங்கே மூன்று இருந்தன: பன்னிரண்டு லட்சம் இலங்கை ரூபாய் நிரந்தர வைப்பு, இன்னும் எடுக்காத ஊழியர் சேமலாப நிதி, நல்லூரில் அம்மம்மா எழுதிவைத்த வீட்டில் நான்கில் ஒரு பங்கு. சேமலாப நிதியில் ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி தரும் 12 சதவீதமும் சேர்கின்றன. கல்யாணத்துக்காக வேலையை விட்ட பெண்ணும், நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்புகிறவரும் வயதாகும்வரை காத்திராமல் அதை எடுத்துக்கொள்ள இலங்கைச் சட்டத்தில் இடம் உண்டு. கல்யாண அலைச்சலில் இவர் எடுக்கவில்லை. 2022-இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200-லிருந்து 360 வரை சரிந்ததைப் பார்த்தவர்கள், இப்போது எடுத்தால் நஷ்டம் என்று விட்டு வைத்திருக்கவும் கூடும்.

மதுரைக்கு வந்து இவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு ரூபாய் சம்பளம் இல்லை. ஆகவே ரிட்டர்ன் போடவேண்டியதில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முழு ரெசிடென்டாக இருப்பவர் வெளிநாட்டில் சொத்தோ கணக்கோ வைத்திருந்தால், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும். சாதாரண ஐ.டி.ஆர்.-1 போதாது, வெளிநாட்டுச் சொத்து அட்டவணை உள்ள படிவம் வேண்டும். போடாமல் விட்டால், அல்லது சொத்தைச் சொல்லாமல் விட்டால், 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டம் 10 லட்சம் ரூபாய் அபராதம் பேசுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் இதில் ஒரு தளர்வு வந்தது: மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மேற்படாத வெளிநாட்டுச் சொத்துகளுக்கு அந்த அபராதம் இல்லை. நல்ல தளர்வுதான். ஆனால் அசையாச் சொத்துக்கு அது பொருந்தாது. வைப்பும் சேமலாப நிதியும் தப்பிவிடும். நல்லூர் வீட்டின் கால் பங்கு மாட்டும். அந்தப் பங்கின் மதிப்பு சில லட்சம்தான் என்றாலும் மாட்டும்.

கறுப்புப் பணச் சட்டத்தை இயற்றியவர்கள் மனதில் இருந்தவர்கள் சுவிஸ் வங்கிக் கணக்குக்காரர்கள். அம்மம்மா வீட்டில் கால் பங்குள்ள திருமங்கலம் மருமகள் அல்ல. இருந்தும் இருவருக்கும் ஒரே படிவம். அசையாச் சொத்துக்கும், குறைந்தபட்சம் வாரிசுரிமையாக வந்த பங்குக்காவது, ஒரு மதிப்பு வரம்பு வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் திருந்தும்வரை வழி ஒன்றுதான்: சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அயல்நாட்டில் வாழ்ந்தபோது வாங்கிய அல்லது அங்கே இருப்பவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை இந்தியாவில் குடியேறிய பிறகும் வைத்துக்கொள்ள, ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமே அனுமதிக்கிறது. விற்றுவிட்டு வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. “சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள்” என்ற பயத்தில் மறைப்பவர்கள், சட்டம் கொடுத்த உரிமையைத் தாங்களே குற்றமாக்கிக்கொள்கிறார்கள்.

இரட்டை வரியைப் பற்றியும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். இந்தியாவும் இலங்கையும் 2013 ஜனவரியில் புதிய இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதே ஆண்டு அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாடுகளிலுமே வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜனவரி-டிசம்பர் நாடுகளிலிருந்து வருகிறவர்கள் படும் பாடு இவர்களுக்கு இல்லை. கல்யாண வருடத்தில் இரண்டு நாடும் ‘எங்கள் ரெசிடென்ட்’ என்று உரிமை கொண்டாடினால், நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பொருளாதார உறவும் எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது, வழக்கமாக வாழ்வது எங்கே என்று ஒப்பந்தம் வரிசையாகக் கேட்டு ஒரு நாட்டின் பக்கம் தீர்த்துவைக்கிறது. அங்கே பிடித்த வரிக்கு இங்கே கழிவு உண்டு. அதற்கு அங்கே வரி கட்டிய சான்று வேண்டும். அந்தச் சான்றை வாங்கித் தர வேண்டியவர் அங்கே இருக்கும் அண்ணனோ சித்தப்பாவோதான். ஆக இது சம்பந்தி வீட்டையும் சேர்த்த காரியம்.

நான்-ரெசிடென்ட் என்றால் லாபம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாமல் போவது ஒரு தள்ளுபடியால். அந்தத் தள்ளுபடி ரெசிடென்டுக்கு மட்டும். ஐப்பசியில் வந்து உடனே மதுரையில் ஒரு வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு முதல் ஆண்டில் அது கிடைக்காது. அவர் பெயரில் மாமனார் போட்டுக் கொடுத்த டெபாசிட்டின் வட்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம் பிடிக்கப்படலாம். வங்கிக் கவுன்டரில் ‘நம்ம வீட்டு மருமகதான்’ என்று சொல்லிச் சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்கிவிட்டுப் பிற்பாடு முழிப்பவர்கள் உண்டு. வரிச் சட்டத்தின் ரெசிடென்ட் வேறு, வங்கிகள் பின்பற்றும் ஃபெமாவின் ரெசிடென்ட் வேறு. ஒன்று நாளை எண்ணுகிறது. மற்றது, தங்கிவிடும் நோக்கத்தோடு வந்தாரா என்பதையும் பார்க்கிறது. ஒரே பெண் ஒரே நாளில் ஒரு மேசையில் உள்நாட்டுக்காரர், அடுத்த மேசையில் வெளிநாட்டுக்காரர்.

வரியைவிடப் பெரிய சிக்கல் நிலத்தில் இருக்கிறது. மதுரைப் பக்கம் மனைவி பேரில் இடம் வாங்குவது அன்பின் அடையாளம் மட்டுமல்ல, முத்திரைத் தாள் எழுதும்போதே வரும் பழக்கம். ஒத்தக்கடையிலோ நாகமலை புதுக்கோட்டையிலோ மூன்று சென்ட் மனை முடிந்தால் “வீட்டம்மா பேரைப் போடுங்க” என்று பத்திர எழுத்தரே சொல்வார். ஆனால் இலங்கைக் குடிமக்கள், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூட்டான் குடிமக்களைப் போலவே, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டும் விதிவிலக்கு. இங்கேயே வாழ்ந்தாலும் இதுதான் விதி. ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வாங்கிவிட்டால் இந்தத் தடை விலகும். இந்தியக் குடிமகனை மணந்து, திருமணத்தைப் பதிவு செய்து, இரண்டு ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைக்கு ஏழு ஆண்டு. அதுவரை பொறுக்காமல் போட்ட பத்திரம் எத்தனை பீரோக்களில் இருக்கிறதோ, மீனாட்சிக்குத்தான் வெளிச்சம்.

இவ்வளவையும் ஒரு இருபத்தைந்து வயதுப் பெண் தெரிந்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? “நம்ம நாட்டுக்கு வர்றவங்க சட்டம் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்” என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சட்டம் தெரியாது என்பது மன்னிப்பல்ல என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த நமக்கே இந்த அட்டவணை தெரியவில்லையே. மறுசாரார், “வீட்டில் இருக்கிற பொம்பளையப் போய் வரி கிரின்னு ஏன் பயமுறுத்துறீங்க” என்கிறார்கள். இரக்கமாகத் தெரிகிறது, ஆனால் நான்காம் ஆண்டில் நோட்டீஸ் வந்தால் அது இரக்கப்பட்டவர் பேருக்கு வராது, அந்தப் பெண் பேருக்குத்தான் வரும். இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: தெரிந்துகொள்ளும் பொறுப்பை அவர் தலையில் மட்டும் இறக்கக் கூடாது.

முதல் பொறுப்பு புகுந்த வீட்டுக்கு. வந்த தேதி, போன தேதி, அங்கே இருக்கும் கணக்கு, சொத்து என்று ஒரு நோட்டு போடுவது கணவனின் வேலை. அதில் மாமனாருக்கு ஒளிக்க வேண்டிய விஷயமும் இருக்கலாம்; தன் சேமிப்பைப் புகுந்த வீட்டில் சொல்லத் தயங்கும் பெண்கள் உண்டு, அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. அப்படிப்பட்டவர் ஆடிட்டரிடம் தனியாகப் பேச வழி இருக்க வேண்டும். குடும்பத்துக்கே கணக்குப் பார்க்கும் ஆடிட்டர், கணவனை மட்டும் எதிரே உட்கார வைத்து மனைவியின் ரிட்டர்னை முடித்துவிடுவது இங்கே சாதாரணம். மனைவி தனி வரிதாரர் என்றால் தனி நாற்காலியும் வேண்டும். பட்டயக் கணக்காளர்களின் மதுரைக் கிளை தன் உறுப்பினர்களிடம் இதை ஒரு நடைமுறையாகவே சொல்லலாம்.

வருமான வரித் துறை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் வெளிநாட்டுச் சொத்துகளை நினைவூட்டிக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பும் இயக்கம் ஒன்றை நடத்தியது. அபராதத்துக்கு முன்னால் நினைவூட்டல் என்பது நல்ல வழக்கம். ஆனால் அது போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு. நான் சொல்லும் பெண் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மதுரை பிபிகுளத்திலுள்ள வருமான வரி அலுவலகம் தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்தால் போதும்: 182 நாள், 729 நாள், நான்காம் ஆண்டு, வெளிநாட்டுச் சொத்து, நிலம் வாங்கத் தடை, யாரைக் கேட்பது.

அச்சடித்ததை எங்கே கொடுப்பது என்பதற்கும் இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஓ.சி.ஐ.க்கும் விசா நீட்டிப்புக்கும் அந்தச் சான்றிதழ் தேவை என்பதால், இப்படிப்பட்ட தம்பதிகள் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தவிர்க்கவே முடியாது. விசா 180 நாளுக்கு மேற்பட்டதானால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவும் செய்தாக வேண்டும். ஆக வரித் துறை தேடிப் போக வேண்டியதில்லை. மாநில அரசின் ஜன்னலுக்கு அவர்களே வருகிறார்கள். மத்தியத் துறையின் துண்டறிக்கையை மாநிலத் துறையின் எழுத்தர் கையால் கொடுப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். “அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்” என்ற வாக்கியத்தைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்தால் போதும்.

முகாம்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இந்தத் துண்டறிக்கை போதாது. 1990-இல் மன்னாரிலிருந்து படகில் குழந்தையாக வந்த பெண், உச்சப்பட்டி முகாமில் வளர்ந்து, பக்கத்து ஊர்க்காரரை மணந்துகொள்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வரிச் சட்டத்துக்கு அவர் எந்தச் சந்தேகமும் இல்லாத முழு ரெசிடென்ட். முப்பது ஆண்டுக்கு மேல் இந்த மண்ணை விட்டு நகராதவர். மன்னாரில் அப்பா விட்டுவந்த காணியில் அவருக்குப் பங்கு இருந்தால், எழுத்துப்படி பார்த்தால் அதுவும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வர வேண்டியதுதான். குடியுரிமைச் சட்டத்துக்கோ அவர், பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்ததால், சட்டவிரோதக் குடியேறி. இந்தியரை மணந்து ஏழு ஆண்டு ஆனாலும் பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் வழி அவருக்கு மூடியிருக்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, தந்தை இந்தியக் குடிமகனாக இருந்தாலும், தாய் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்பால் குடியுரிமை இல்லை.

வரி வாங்கும் கை இவரை உள்ளூர்க்காரர் என்கிறது. உரிமை கொடுக்கும் கை வெளியாள் என்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில், முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் மனுக்களில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 2021 ஆகஸ்டில் அகதி முகாம் என்ற பெயரை மாநில அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. ஒவ்வொன்றும் ஒரு படி. தண்டனை விலக்கு குடியுரிமை ஆகாது என்பதையும் முகாமில் இருக்கிறவர்களுக்கு யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்; ‘இனி எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நம்பி மனை வாங்கப் போகிறவர்கள் உண்டு.

மறுவாழ்வுத் துறை, காவல் துறையின் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவு, வருமான வரித் துறை, பதிவுத் துறை இவற்றின் அதிகாரிகள் நால்வரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் இந்த மாவட்டத்தில் ஆட்சியர் ஒருவர்தான். திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஒரு மணி நேரம், எல்லை தாண்டி வந்த வாழ்க்கைத் துணைகளுக்கென்று ஒரு மேசை ஒதுக்கலாம். பட்டயக் கணக்காளர் சங்கத்திலிருந்து ஒருவரும் சட்டக் கல்லூரியிலிருந்து இரண்டு மாணவர்களும் உடன் இருக்கட்டும். மூன்று முகாம்களிலிருந்தும், திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பஸ் இருக்கிறது. பாஸ்போர்ட்டோ முகாம் அடையாள அட்டையோ, திருமணச் சான்றிதழ், தேதி எழுதிய நோட்டு, இவற்றோடு வந்தால் போதும்.